நான்காவது ஸ்க்ரூ

கடையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முதலாளியிலிருந்து பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'டிகிரி'. ஏதோ பெரிய படிப்பு படித்தவள் போலிருக்கிறது என்று கூடுதலாக மரியாதை காட்டிய வாடிக்கையாளர்களும் உண்டு. விஷயம் அதுவல்ல. எந்தக் கம்ப்யூட்டர் மேசைமேல் வந்தாலும், கொண்டுவந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல், "எத்தனை டிகிரி போகுது?" என்றுதான் கேட்பாள்.

அவளிடம் வருகிறவர்கள் அத்தனை பேரும் கேம் பைத்தியங்கள். கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் அவர்களுக்குப் போதாது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைத் தார்க்குச்சியால் குத்தி விரட்ட வேண்டும். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். விரட்டினால் ஓடும், ஓடினால் சூடாகும். சூடு நூறைத் தொட்டால் பிராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். படம் திக்கித் திக்கி நகரும். ஆட்டத்தின் நடுவில் அப்படி ஒரு திக்கல் வந்தால் போதும், ஆள் காலி. அந்தச் சூட்டை எண்பதுக்குள் கட்டிப்போடுவதுதான் அவள் பிழைப்பு. அதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள், கூச்சப்பட மாட்டாள்.

அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. பிராசஸரின் தலையில் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைப்பாள். அதன்மேல் அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற, ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கூலரை உட்கார வைப்பாள். நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ. ஒரு மூலையில் அரைச் சுற்று, அதற்கு எதிர் மூலையில் அரைச் சுற்று என்று குறுக்காகவே போய், ஒவ்வொன்றும் ஒன்பது சுற்று வந்ததும் நிறுத்துவாள். ஒரு மூலை தளர்ந்தாலும் கூலர் சரியாகப் படியாது, சூடு வெளியே போகாது. அளந்து முறுக்குகிற ஸ்க்ரூடிரைவர் ஒன்றை முதலாளி ஆசையாக வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் டப்பா பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. என் விரலுக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. வயது இருபத்தைந்து. ஆட்டத்தில் அவன் பெயர் கொசு. பக்கத்தில் வந்ததே தெரியாது, கடித்துவிட்டுப் போயிருப்பான். மூன்று வருஷமாக வேலைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். அம்மா கரித்துக் கொட்டாத நாளில்லை. அக்காதான் ஒவ்வொரு தடவையும் குறுக்கே விழுந்து அவனைக் காப்பாற்றுவாள். தம்பிமேல் பாசம், வேறென்ன என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். பாசம்தான். ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒரு காரணமும் இருந்தது.

அப்பா பஸ் டிரைவர். முப்பத்து நான்காவது வயதில் ஒருநாள் அவர் கை கியரைத் தேடியது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கியர் இருக்கிற இடத்துக்குக் கை போய்ச் சேரவில்லை. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு வாய் குழறியது. ஒன்பது வருஷம் அணுஅணுவாகப் போனார். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில், ஒரு நிமிஷம்கூட ஓயாத கைகால்களோடு கிடந்தார். குடும்பத்தில் வழிவழியாக வருகிற நரம்பு நோய் என்றார் டாக்டர். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றும், வந்தால் மருந்து இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்தில் நோயாளிக்குத் தன் கை கெட்டுப்போனது தெரியாது, கூட இருக்கிறவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அக்காவும் தம்பியும் அன்றைக்கே முடிவெடுத்தார்கள். ரத்தம் கொடுப்பதில்லை. மருந்தில்லாத நோய்க்கு நாள் குறித்து வாங்கி என்ன செய்வது? "நான் உன் கையப் பாத்துக்கிறேன், நீ என் கையப் பாத்துக்க. ஏதாவது தெரிஞ்சா மறைக்கக் கூடாது" என்றாள் அவள். அவன் அப்போது பள்ளிக்கூடப் பையன். தலையை ஆட்டினான்.

அதனால்தான் அவன் விளையாடும்போதெல்லாம் அவள் பின்னால் வந்து நிற்பாள். திரையைப் பார்க்க மாட்டாள், மவுஸ்மேல் இருக்கும் கையைத்தான் பார்ப்பாள். கண் இமைப்பதற்குள் திரும்பி, குறிவைத்து, சுட்டுவிட்டு மீள்கிற கை. இவ்வளவு வேகமான கைக்கு எப்படி நோய் இருக்கும்? அவன் ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் அவளுக்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட். அந்தக் கை ஓடவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மெஷினைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவனுக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய குழு ஒன்றுக்கு ஒரே ஒரு ஆள் தேவை, எட்டுப் பேருக்குத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். விதிமுறைகள் நீளமாக இருந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும், திரையில் ஆட்டத்தைத் தவிர சூடு காட்டும் எண்கள்கூடத் தெரியக் கூடாது. நடுவில் மெஷின் கோளாறு பண்ணினால் ஒரு நாளுக்குள் ஆதாரத்தோடு எழுதிக் கேட்கலாம், மறு ஆட்டம் தருவார்கள்.

அவள் சும்மா இருப்பாளா? சனிக்கிழமை மெஷினைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், கூலரைக் கழற்றிப் புது பேஸ்ட் போட வேண்டும், வேகத்தை இன்னும் ஒரு பிடி ஏற்ற வேண்டும் என்றாள். இப்போதே நன்றாகத்தானே ஓடுகிறது என்று அவன் இழுத்தான். எண்பத்து நான்கு போகிறது, அது நன்றாக ஓடுவதா என்று அவள் சண்டைக்கு வந்தாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெஷினின் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான்.

கடையில் கேபினட்டை மேசைமேல் படுக்கப்போட்டு வேலை பார்த்தாள். படுக்கப்போட்டபடியே அரைமணி நேரம் பிராசஸரைப் பிழிந்து எடுத்தாள். எழுபத்து ஏழு. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, நீ மனுஷிதானா என்று கேட்டார். அன்று அவள் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் தம்பியின் மேசைக்கடியில் நிமிர்ந்து நின்றது. அம்மாவைக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் கதவிடுக்கில் வந்து நின்றாள். அங்கிருந்து திரை தெரியாது. அவன் முதுகும் வலது கையும்தான் தெரியும். அவளுக்கு அது போதும்.

முதல் ஆட்டம் தூள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவன் தோள் இறுகியது. மவுஸை இழுத்தான், நிறுத்தினான், மறுபடி இழுத்தான். எதையோ எட்டிப் பிடிக்கப்போய் அது கிடைக்காததுபோல் கை திணறியது. இந்த அசைவை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு. மூன்றாவது ஆட்டத்தில் அவன் பத்துத் தடவை செத்தான். கொசுவை அவ்வளவு பேர் அடித்தது அதுதான் முதல் தடவை.

கேமரா அணைந்ததும் உள்ளே போனாள். அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான். "என் கைதான்கா. நேரத்துக்கு வரல."

மெஷின் ஏதாவது மக்கர் பண்ணியதா என்று கேட்டாள். அவன் உடனே, சட்டென்று, "மெஷின்ல ஒண்ணும் இல்ல. அதத் தொறக்காத" என்றான். சுவிட்சை அணைத்தான். கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துக் கேபினட்டை மூடினான். நாளையிலிருந்து வேலை தேடப்போகிறேன், இந்தச் சனியன் இனி வேண்டாம் என்றும் சொன்னான். கூடத்திலிருந்து அதைக் கேட்ட அம்மா, இப்பவாவது புத்தி வந்ததே என்று கடவுளுக்கு நன்றி சொன்னாள். அம்மாவை அறையலாம்போல இருந்தது அக்காவுக்கு. உடனே அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவள் தூங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தம்பியின் கையைப் பார்த்தாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். பொத்தான் பிய்ந்த சட்டையை நீயே தைத்துக்கொள் என்று ஊசியும் நூலும் கொடுத்தாள். ஒரே குத்தில் கோர்த்தான். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள், பாதி வழியிலேயே எழுந்து வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நல்ல பிள்ளை. நோய் இப்படித்தான் ஒளிந்து விளையாடும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். அவனைவிடப் பெரியவளாகப் பிறந்துவிட்டு, அவனைப் படுக்கையில் போட்டுப் பார்க்கப்போகிறோமே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு ஒன்று மட்டும் இடித்தது. தன் கை கெட்டது தனக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னாரே, இவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

புதன்கிழமை மத்தியானம் அவன் ஒரு கூரியர் ஆபீஸுக்கு நேர்காணலுக்குப் போயிருந்தான். அவள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை எடுத்தாள், மெஷினைப் போட்டாள். ஒவ்வொரு வினாடியும் சூட்டையும் வேகத்தையும் எழுதிவைக்கும் லாக் ஒன்றை அவள் எல்லா மெஷினிலும் பின்னணியில் ஓடவிட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை லாக்கைத் திறந்து கீழே இறங்கினாள்.

எழுபத்து எட்டு. எண்பது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் தொண்ணூற்று ஒன்று. பதினைந்தாவது நிமிஷத்தில் நூறு. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் நூறு, நூறு, நூறு. வேகம் ஐந்து ஜிகாஹெர்ட்ஸிலிருந்து இரண்டுக்கு விழுந்து அங்கேயே கிடந்தது.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை இல்லை, மெஷின். படம் திக்கியிருக்கிறது, அதனால்தான் அவன் கை திணறியிருக்கிறது. கேபினட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பாவி, நீதானா, நீதானா என்று கேட்டாள். அந்த இரண்டு நிமிஷம் அவளைவிடச் சந்தோஷமான பெண் உலகத்தில் இருந்திருக்க மாட்டாள்.

பிறகு தொழில் புத்தி வந்தது. எழுபத்து ஏழில் நின்றது எப்படி நூறுக்குப் போகும்?

கரண்ட்டை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். ஃபேனெல்லாம் சரி. கூலரைப் பிடித்து லேசாக அசைத்தாள். மேல் மூலை நகம் அளவுக்கு எழுந்து வந்தது. முதல் மூன்று ஸ்க்ரூவும் இரும்பாக இருந்தன. நான்காவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினாள். அது திரும்பியது. இன்னும் திரும்பியது. மூன்று முழுச் சுற்று திரும்பிய பிறகுதான் நின்றது.

மேசைமேல் படுத்திருந்தபோது கூலரின் கனமே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நிமிர்த்தி வைத்ததும் தளர்ந்த மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிவிட்டது. கூலரைக் கழற்றிப் பார்த்தாள். பேஸ்ட் ஒரு பக்கம் தாள்போல மெல்லியதாகவும் இன்னொரு பக்கம் தடித்தும் கிடந்தது.

யார் மேலாவது பழி போட முடியுமா என்று பார்த்தாள். வண்டி குலுங்கியிருக்கும். ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். டார்ச்சை அடித்தாள். நான்காவது ஸ்க்ரூவின் தலையிலும், அதைச் சுற்றியிருந்த தகட்டிலும் கோழி கிளறிய மாதிரி கீறல். ஸ்க்ரூடிரைவர் பிடி தவறி, மறுபடி வைத்து, மறுபடி தவறியிருக்கிறது. ஒரு தடவையல்ல, ஏழெட்டுத் தடவை. அவளுக்கு அது நினைவே இல்லை. ஒன்பது சுற்று எண்ணியது நினைவிருந்தது. மனசு எண்ணியிருக்கிறது, கை திருப்பவில்லை.

அந்த ஸ்க்ரூவை முழுவதும் கழற்றி இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, அதன் துளைக்குக் கொண்டுபோனாள். துளைக்குப் பக்கத்தில் போய் இடித்தது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி இடித்தது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி தன் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் யாரும் கேட்காமலே அசைந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் கையில்தான் தொடங்கியது.

அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கூடி வந்தன. கை தவறி உடைந்த மூன்று கப். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று அம்மா திட்டியது. கடையில் ஸ்க்ரூ உருண்டு ஓடும்போதெல்லாம் காந்தத் தட்டு சரியில்லை என்று அவள் சலித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் கதவுச் சாவியைத் தம்பியே வாங்கித் திறந்தது.

இப்போது அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஸ்க்ரூவை எப்படியாவது முறுக்கி, தகட்டை மூடி, போர்வையைப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் தன் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டே மிச்ச நாளெல்லாம் கூரியர் பொட்டலம் தூக்குவான், விரல் கொஞ்சம் மரத்தாலும் செத்துச் செத்துப் பிழைப்பான். சொல்லிவிட்டால் அவன் தப்பித்தான். அவள் மாட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். திறந்து கிடந்த கேபினட்டைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான்.

"உன் கை இல்லடா" என்றாள் அவள். "நூறு டிகிரி போயிருக்கு. நாலாவது ஸ்க்ரூ முறுக்காமலே இருந்திருக்கு. நான்தான் போட்டேன். உன் கைக்கு ஒண்ணும் இல்ல."

அவன் சந்தோஷப்படுவான் என்று ஒரு நொடி எதிர்பார்த்தாள். குறைந்தது கோபப்படுவான் என்றாவது. அவன் முகம் அழப்போகிற குழந்தையின் முகம்போல ஆனது.

"தொறக்காதன்னு சொன்னேன்லக்கா" என்றான்.

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. என் கை கெட்டது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். மழை ஆரம்பிப்பதற்கு முன்னாலிருந்தே என்றான். ஒருநாள் அவள் வெளியே நின்று சாவியைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் பத்து நிமிஷம் போராடியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை படம் திக்கிய முதல் நொடியிலேயே அவனுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. எழுதிக் கேட்டால் மறு ஆட்டம் கொடுத்திருப்பார்கள். லாக்கை அனுப்பச் சொல்லியிருப்பார்கள், மெஷினைத் திறந்து பார்க்க வேண்டி வந்திருக்கும். அதனால் கேட்கவில்லை. அந்த ஒரு நாளும் போய்விட்டது.

"மறைக்கக் கூடாதுன்னு பேசினோமே."

"பேசினோம்."

"தெரிஞ்சும் ஏன்டா மெஷின என்கிட்ட குடுத்த? உன்னோட மூணு வருஷ உழைப்பாச்சே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "குடுக்கலன்னா ஏன்னு கேப்ப. நான் என்ன சொல்றது?"

உள்ளறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் விரல்களைப் பிரித்து ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டான். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தான், கூலரை உட்கார வைத்தான். நான்கு ஸ்க்ரூவையும் ஒரே தடவையில் துளையில் பொருத்தினான். அவன் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நடுக்கம் இல்லை. இப்போதைக்கு இல்லை.

"எத்தனை சுத்துக்கா?" என்று தெரியாதவன்போல் கேட்டான்.

"ஒம்பது. குறுக்கா போ. அரை அரையா."

அவன் திருப்பத் தொடங்கினான், அவள் எண்ணினாள். ஏழு வரைக்கும் எண்ண முடிந்தது. மிச்ச இரண்டையும் அவனே எண்ணிக்கொண்டான்.